பங்கேற்பாளர் இழப்பு எதுவுமில்லை

கொடகவெல தாஸிம் இங்கிலிஷ் பழகியது கட்டாரில், ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில். அறை காலியில்லை என்ற ஒற்றைச் சங்கதியை, கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் போகும்படி நாலைந்து நீளமான வசனங்களில் சொல்லத் தெரிந்தவன். ஊருக்குத் திரும்பி ஒரு வேன் வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கத் தொடங்கியபின், அந்த இங்கிலிஷ் இனி எதற்கும் உதவாது என்றுதான் அவனும் மனைவி ஹபீலாவும் நினைத்திருந்தார்கள். பல்கலைக்கழகம் மலையேறி வந்தபோது அதற்கும் ஒரு வேலை கிடைத்தது.

வந்தது பல்கலைக்கழகத்தின் உலகச் சூழல் மாற்ற உயராய்வு மையம். அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் றக்வானப் பாதையில் மேலே இருக்கிற லோன்மூர் தோட்டம். லோன்மூர் என்பது பெயர்ப்பலகையில் மட்டும். மக்கள் வாயில் அது பாறைத்தோட்டம். அதன் மேற்பிரிவான மேக்கணக்கில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால், ஒரு பெருமழையில் மலை வெடித்திருந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் தோள்வரை போகும். மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்து, லயச் சுவர்களில் சிவப்புப் பெயின்ட் அடித்து, இங்கே குடியிருக்கக் கூடாது என்று சொல்லி, கீழே பள்ளத்தில் வீடு கட்ட ஓர் இடத்தையும் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆராய்ச்சி வந்ததும் அந்த இடத்துப் பேச்சு நின்றுபோனது. ஆய்வுத்தளத்தில் மாற்றம் செய்தால் ஆய்வு கெட்டுவிடும் என்று மையம் எழுதியது. ஆராய்ச்சி முடிவு வரட்டும் என்று மாவட்டம் சொன்னது. ஆராய்ச்சி முடிவு வரட்டும் என்று தோட்டத்தை நடத்தும் தொரையும் சொன்னார். இவ்வளவு பேருடைய தலைவலியை ஒரே நாளில் தீர்த்துவைத்த ஆராய்ச்சி அந்த மாவட்டத்தில் அதற்கு முன் நடந்ததில்லை.

தொடக்க விழா தோட்டத்து மைதானத்தில் கூடாரம் போட்டு நடந்தது. மையத்தை நடத்தும் பணிப்பாளரான பேராசிரியர் பேசினார். சாந்தமான மனிதர், கோபமே வராத குரல்.

"இந்த மலை சரியுமா, சரியாதா என்று கேட்கிறார்கள்," என்றார். "அது உள்ளூர்க் கேள்வி. எங்களுடையது உலகளாவிய கேள்வி. சரியக்கூடிய மலைக்குக் கீழே வாழ்கிற மக்கள் அதை எப்படித் தாங்கிக்கொள்கிறார்கள்? இதற்கு விடை கிடைத்தால் உலகம் முழுவதற்கும் பயன். அந்த விடை கிடைக்க முதல் தேவை, அவர்கள் அங்கே தொடர்ந்து வாழ வேண்டும்."

தாஸிம் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னான். மக்கள் கைதட்டினார்கள். கைதட்டி முடிந்ததும் மீன் வைத்த மாலு பணிஸ் கொடுக்கப்படும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள்.

மொழிபெயர்ப்பாளர் என்றொருவர் எதற்கு என்பதே தாஸிமுக்கு முதலில் விளங்கவில்லை. பேராசிரியருக்குத் தாய்மொழி சிங்களம். லயத்து ஆட்கள் சிங்களத்தில் சந்தைக்குப் போவார்கள், சண்டை போடுவார்கள், பகிடி விடுவார்கள். அவர் சிங்களத்தில் பேசியிருந்தால் நேராகவே விளங்கியிருக்கும். ஆனால் பங்கேற்பாளர்களை அவர்களுடைய தாய்மொழியில்தான் அணுக வேண்டும் என்று திட்டத்தின் நெறிமுறையில் இருந்தது. திட்டத்தின் மொழி இங்கிலிஷ் என்றும் இருந்தது. ஆகவே பேராசிரியர் இங்கிலிஷில் பேசுவார், தாஸிம் தமிழில் சொல்வான், இருவருக்கும் நடுவே எல்லோருக்கும் தெரிந்த சிங்களம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

முதல் வேலை வீடுவீடாகப் போய்க் கேள்வி கேட்பது. உதவி ஆய்வாளர் நில்மினி என்ற பெண் கேட்பாள், தாஸிம் சொல்வான். மேல் லயத்தின் முதல் ஒற்றையறைக் காம்பராவில் இருந்தவள் அழகம்மா. தேயிலைக் கொழுந்தெடுப்பவள், புருஷன் இறந்துபோய், கல்யாணம் கட்டிய மகளும் பேரப்பிள்ளைகளும் அவளோடு இருந்தார்கள். கடந்த மாதத்தில் நீங்கள் எத்தனை தடவை தாங்குதிறனை உணர்ந்தீர்கள் என்பது அவளுக்கான கேள்வி.

"அது எப்புடிங்க நானா இருக்கும்?" என்று, முஸ்லிம் அண்ணனைக் கூப்பிடும் முறையில், தாஸிமைக் கேட்டாள் அழகம்மா. "பசி மாதிரியா, காச்ச மாதிரியா?"

தாஸிம் நில்மினியைக் கேட்டான். நில்மினி யோசித்துவிட்டு, 'அடிக்கடி' என்று பதிந்துகொண்டாள். பள்ளத்தில் காட்டிய இடம் எப்போது கிடைக்கும் என்று அழகம்மா கேட்டபோது, பங்கேற்பாளர் கேள்வி கேட்பது ஆய்வைப் பாதிக்கும் என்று பணிவாகச் சொல்லப்பட்டது. எனக்குப் பயமாயிருக்கிறது என்று அவள் சொன்னதையும் தாஸிம் சொல்லித்தான் பார்த்தான். பயம் என்று ஒரு பகுப்பு இல்லை, 'அபாய உணர்திறன் சிறப்பாக உள்ளது' என்று போட்டுக்கொள்கிறேன் என்றாள் நில்மினி.

பக்கத்துக் காம்பரா காத்தமுத்துவுக்கு வேறொரு மரியாதை கிடைத்தது. தோட்டத்தில் காவல்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரே மகன் கொழும்பில் கடையொன்றில் நின்றான். அவரை இணை ஆய்வாளராக நியமித்தார்கள். ஒரு டீசேர்ட்டும் ஒரு போனும் கொடுத்தார்கள். தினமும் காலையில் வெடிப்பின் மேல் அளவுகோலை வைத்து ஒரு போட்டோ எடுத்து மையத்துக்கு அனுப்ப வேண்டும். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுடைய தேயிலையைக் காத்துநின்ற மனிதருக்கு இது பெரிய காரியமாக இருந்தது. டீசேர்ட்டை அவர் அயர்ன் போட்டுத்தான் உடுத்தினார். தாஸிமைக் கண்டால், இன்றைக்கு எடுத்த போட்டோவைக் காட்டி, வெளிச்சம் சரியா நானா என்று கேட்பார்.

மழைக்காலம் நெருங்கியபோது லயத்து ஆட்கள் கூடிப் பேசி, வெடிப்புக்குள் களிமண்ணைப் போட்டு மிதித்து, மேலே கறுப்புப் பொலித்தீனை விரித்துக் கல் வைத்தார்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காதிருந்தால் மலை கொஞ்சம் பொறுக்கும் என்ற நம்பிக்கை. மறுநாள் பேராசிரியர் வந்தார். பொலித்தீனைப் பார்த்து அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார்.

"இது தலையீடு," என்றார் தாஸிமின் வாய்வழியாக. "நீங்கள் இயற்கைக்கும் தரவுக்கும் நடுவே நின்றுவிட்டீர்கள். உலகத்தில் யாருக்கும் கிடைக்காத ஒரு வெடிப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதைத் தார்ப்பாய் போட்டு மூடலாமா?"

ஆட்கள் பொலித்தீனை எடுத்தார்கள். பங்கேற்பாளராக இருப்பவருக்குத்தான் பள்ளத்து இடம் என்று தோட்டத்து ஒபிசில் சொல்லிவைத்திருந்தார்கள். யார் எதிர்த்துப் பேசுவார்கள்? களிமண்ணையும் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. காத்தமுத்து அன்றைக்கு இரண்டு போட்டோ அனுப்பினார், மூடியது ஒன்று, திறந்தது ஒன்று.

பிறகு மழை வந்தது. வழக்கமான மழை போல ஓய்ந்து ஓய்ந்து பெய்யவில்லை. றக்வானப் பாதையில் அங்கங்கே மண் விழுந்து பஸ் நின்றது. மலை ஊற்றிலிருந்து வரும் மேக்கணக்குப் பீலித் தண்ணீர் சேறாக வந்து, பிறகு ஒரு நாள் வராமலே நின்றது. எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாய்கள் லயத்துப் பக்கம் படுக்காமல் கீழே ரோட்டில் போய்ப் படுத்தன.

அந்த மழைக்குள் மையத்திலிருந்து தாஸிமுக்கு அவசர அழைப்பு வந்தது. வேனைக் கொண்டு உடனே வரவேண்டும், மேக்கணக்கில் அபாயம். அவன் போட்டது போட்டபடி ஓடினான். லயத்துக்குப் பின்னால் பேராசிரியரும் நில்மினியும் இன்னும் இரண்டு பேரும் குடை பிடித்து நின்றார்கள். குடை பிடித்தது, மலையின் அசைவை அளக்கும் கருவிக்கு. வெளிநாட்டு உதவியில் வந்த கருவி, மலை சரிந்தால் போய்விடும் என்று பேராசிரியர் சொன்னார். அதைக் கம்பளியால் சுற்றி, வேனின் முன் இருக்கையில் வைத்து, சீட் பெல்ட் போட்டார்கள். பேராசிரியர் பின்னால் ஏறிக்கொண்டார். வேன் லயத்தைக் கடந்தபோது அழகம்மாவின் பேரப்பிள்ளைகள் வாசலில் நின்று கைகாட்டின.

"அப்ப ஆட்கள், சார்?" என்று தாஸிம் வழியில் கேட்டான்.

கருவியை நகர்த்தப் பணிப்பாளரின் கையெழுத்துப் போதும் என்று பேராசிரியர் விளக்கினார். மக்கள் விடயம் அப்படியல்ல. ஆய்வுத் திட்டத்தில் அவர்கள் லயத்தில் இருப்பதாக எழுதப்பட்டிருக்கிறது. அதை மாற்ற நெறிமுறைக் குழு கூட வேண்டும். குழுவின் தலைவர் பருவநிலை மாநாடொன்றுக்கு வெளிநாடு போயிருக்கிறார். வளைவில் வேன் குலுங்கியபோது பேராசிரியர் முன்னால் கையை நீட்டிக் கருவியைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் தாஸிம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. ஹபீலா கேட்டுக் கேட்டு விசயத்தை வாங்கினாள். கேட்டு முடித்துவிட்டு, "மிசினுக்கு பெல்ட் போட்டுக் கூட்டி வந்தீங்க. மனிசர ஏத்தி வர ஏலாமப் போச்சா?" என்றாள்.

அவன் மறுநாள் விடிந்ததும் வேனோடு மேலே போனான். வாங்க, ஏறுங்க என்று வாசல் வாசலாகக் கூப்பிட்டான். ஒருவரும் அசையவில்லை. ஒபிசிலிருந்து சொல்லாமல் இறங்கினால் காம்பராவைப் பூட்டிவிடுவார்கள், பங்கேற்பாளர் பட்டியலிலிருந்து பெயர் போகும், பள்ளத்து இடமும் போகும். ஐயாமார் ஒரு வார்த்தை சொன்னால் இந்த நிமிசமே இறங்குகிறோம் என்றார்கள். மலை சரியும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று காத்தமுத்து தாஸிமைக் கேட்டார். அவனுக்கு மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பயம் மட்டும்தான் இருந்தது, அதற்குத்தான் பகுப்பு இல்லையே.

அன்று பின்னேரம் மையம் பிள்ளைக்காம்பராவில் கூட்டம் வைத்தது. கொழுந்தெடுக்கும் தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. தொட்டில் துணிகளை ஒதுக்கிவிட்டு எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். தகரத்தில் மழை இடித்தது. பேராசிரியர் எழுந்து, தற்போதைய தரவுகளின் அடிப்படையில் உறுதியான பரிந்துரை எதையும் செய்ய இயலாத நிலையில் மையம் இருக்கிறது என்பதை அறியத்தருவதில் மகிழ்ச்சி என்றும், அவதானிப்புத் தொடரும் என்றும், சமூகத்தின் பொறுமையே இந்த ஆய்வின் மிகப்பெரிய கண்டுபிடிப்பு என்றும் இங்கிலிஷில் சொன்னார். சொல்லிவிட்டுத் தாஸிமைப் பார்த்தார்.

முன்வரிசையில் அழகம்மா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார் சொல்றாங்க," என்றான். "மலை இனித் தாங்காதாம். இண்டைக்கே எல்லாரும் எறங்கட்டுமாம். கீழ ஸ்கூல்ல போய் இருக்கட்டுமாம். போறவங்கட காம்பராவும் போகாதாம், பள்ளத்து எடமும் போகாதாம்."

தமிழில் இவ்வளவு சுருக்கமாகவா என்று பேராசிரியர் இங்கிலிஷில் கேட்டார். தமிழ் பழைய மொழி சார் என்று தாஸிம் பதில் சொன்னான். அவர் தலையசைத்து அதை எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் காத்தமுத்து எழுந்தார். ஒரு முடிவு பெரிய இடத்து வாயிலிருந்து நேரே வந்தால்தான் முடிவு என்று வாழ்ந்து பழகியவர். பேராசிரியரைப் பார்த்துச் சிங்களத்திலேயே கேட்டார்: "மஹத்தயா, அப்பி தங் யன்னத?"

நாங்கள் இப்போது போகட்டுமா என்பதுதான் கேள்வி. கூட்டம் முடிந்ததா, வீட்டுக்குப் போகலாமா என்று இவர் கேட்பதாகப் பேராசிரியர் எடுத்துக்கொண்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆ, யன்ன, யன்ன," என்றார்.

போங்கள், போங்கள். திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவர் அந்த மக்களிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். மாலு பணிஸைக்கூட எடுக்காமல் அவர்கள் எழுந்து போனார்கள். பேராசிரியர் ஜீப்பில் ஏறும்போது பின்னால் பாய்களும் பெட்டிகளும் காஸ் அடுப்புகளும் லயத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இருட்டுமுன் மேக்கணக்கு காலியாகிவிட்டது. தாஸிம் வேனில் கிழவர்களையும் பிள்ளைகளையும் பல நடை ஏற்றி இறக்கினான்.

மறுநாள் காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஸ்கூல் மண்டபத்தில் ஆட்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது காத்தமுத்துவின் போன் அடித்தது. பேசியது நில்மினி. நெறிமுறையை யோசிக்க அவளுக்கு நேரமில்லை. சிங்களத்தில் நேராகவே பேசினாள். இன்றைய போட்டோ வரவில்லை என்றாள். ஒரு நாள் தவறினாலும் இவ்வளவு காலம் எடுத்ததெல்லாம் வீணாகிவிடும், உங்களை நம்பித்தான் இருக்கிறோம் என்றாள்.

காத்தமுத்து பெட்டியைத் திறந்து டீசேர்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். அழகம்மா வாசல்வரை ஓடிவந்து தடுத்தாள்.

"போட்டோவ எடுத்துட்டு ஒடனே வந்துர்றேன் தங்கச்சி," என்றார். "ஆபீஸ்லருந்தே கேட்டுட்டாங்கள்ல."

தாஸிம் அப்போது எல்லோருக்கும் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கொடகவெலவுக்கு இறங்கியிருந்தான். திரும்பி வரும்போது பாதையில் ஆட்கள் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேக்கணக்கு இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு பிளவு கிழிந்து கிடந்தது. லயங்களும் பிள்ளைக்காம்பராவும் இல்லை. பள்ளத்தில் வீடு கட்டக் காட்டிய இடத்தில்தான் மண் வந்து குவிந்திருந்தது. தாஸிமும் மற்றவர்களும் மண்வெட்டியோடு ஏறினார்கள். ஆமிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். காத்தமுத்துவை எடுக்கச் சில நாட்கள் ஆயின. மகன் கொழும்பிலிருந்து வந்து, அப்பாவின் உடுப்பைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னான்.

போட்டோ மையத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வெளிச்சம் மிக நன்றாக இருந்ததாம்.

பல்கலைக்கழகம் தாஸிமைக் கடிதம் போட்டுக் கூப்பிட்டது. காலையில் விசாரணை. பேராசிரியரும் நெறிமுறைக் குழுவின் தலைவரும் இன்னும் சிலரும் நீண்ட மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். கூட்டத்தில் சொன்னதை மாற்றிச் சொன்னீரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றான். சொல்லாவிட்டால் அவ்வளவு பேரும் மண்ணுக்குள் போயிருப்பார்கள் என்றும் சொன்னான்.

"மக்கள் உயிரோடு இருப்பதைப் பற்றி இந்தக் குழுவுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை," என்றார் தலைவர். "எங்கள் அதிகாரம் மொழிபெயர்ப்பின் தரத்தோடு முடிகிறது. மூல வாக்கியத்தில் இல்லாத ஒரு வினைச்சொல்லை நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள். நாளைக்கு எல்லா மொழிபெயர்ப்பாளரும் இப்படி மக்களைக் காப்பாற்றத் தொடங்கினால் ஆராய்ச்சி என்ற ஒன்று இருக்குமா?"

காத்தமுத்துவைப் பற்றித் தாஸிம் கேட்டான். அந்தத் தொலைபேசி அழைப்பு நெறிமுறைக்கு வெளியே நடந்தது, ஆகவே திட்டத்தைப் பொறுத்தவரை அது நடக்கவில்லை என்று பதில் வந்தது. நில்மினி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவே இல்லை. மையத்தின் பங்கேற்பாளர் எவரோடும் தாஸிம் இனிப் பேசக் கூடாது என்று தீர்ப்பானது.

மத்தியானம் அதே கட்டடத்தின் பெரிய மண்டபத்தில் மையத்துக்கு விருது வழங்கும் விழா. வேன் சாவியைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போன தாஸிம் வாசலில் நின்று கேட்டான். உலகச் சூழல் மாற்றத்தை எதிர்கொள்வதில் பல்கலைக்கழக ஆராய்ச்சி எப்படி உதவும் என்பதற்கு லோன்மூரே சாட்சி என்று பேராசிரியர் பேசினார். மையத்தின் காலத்துக்கேற்ற எச்சரிக்கையினால் மேக்கணக்கு மக்கள் முந்திய நாளே வெளியேறினார்கள் என்றார். திரையில் பெரிதாக, 'பங்கேற்பாளர் இழப்பு: எதுவுமில்லை' என்று விழுந்தது. அது உண்மைதான். காத்தமுத்து பங்கேற்பாளர் அல்லவே, இணை ஆய்வாளர். அடுத்ததாக அவருடைய கடைசிப் போட்டோ வந்தது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

மாதங்கள் போயின. அழகம்மாவும் மற்றவர்களும் ஸ்கூல் மண்டபத்தை விட்டு, தோட்டத்துப் பழைய தேயிலை ஸ்டோரில் தகரத் தடுப்புக்குள் குடியிருந்தார்கள். ஒரு நாள் அவள் தாஸிமைத் தேடிக் கொடகவெலவுக்கு வந்தாள். றக்வானவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு தோட்டத்தில் அவளுடைய நாத்தனார் இருக்கிறாள். அங்கே மலை வெடித்து, மையம் போய் இறங்கியிருக்கிறதாம். தன்னைக் கூட்டிப் போகச் சொன்னாள். ஹபீலா தாஸிமைப் பார்த்து, போய் வாங்க என்றாள்.

வளைவுகளில் ஏறும்போது தாஸிம் அவளிடம் உண்மையைச் சொன்னான். அன்றைக்குச் சார் போகச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்றான்.

"அப்ப அவங்க மனசுல இருந்தத நேரா சொன்னது, போட்டோ கேட்டு காத்தமுத்து அண்ணனுக்குப் போன் அடிச்சப்ப மட்டுந்தான்," என்றாள் அழகம்மா.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தோட்டத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தாஸிம் வேலிக்கு வெளியே நின்றான். புது மொழிபெயர்ப்பாளர் தினேஷ் பட்டதாரி, நல்ல குரல். உறுதியான பரிந்துரை எதையும் செய்ய இயலாத நிலையில் மையம் இருக்கிறது என்பதையும், அவதானிப்புத் தொடரும் என்பதையும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னான். மக்கள் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

நாத்தனார் இருவரையும் காம்பராவுக்குக் கூட்டிப் போனாள். அழகம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இப்போதே வேனில் ஏறு என்றாள். இவங்க ஒரு நாளும் சொல்ல மாட்டாங்க, அன்னைக்கி எங்கள எறக்குனது இந்த நானா சொன்ன பொய்தான் என்றாள்.

நாத்தனார் தாஸிமை மேலும் கீழும் பார்த்தாள். மரியாதை குறையாமல்தான் பேசினாள்.

"பொய் சொன்னவரு பேச்சக் கேட்டு வீட்ட விட்டு எறங்கச் சொல்றீங்களா அண்ணி? ஒங்க தோட்டத்துல அத்தன பேரயும் காப்பாத்துனது இந்தச் சார்தான்னு படம் போட்டே காட்டுனாங்க. நேரம் வந்தா எங்களுக்கும் சொல்லுவாங்க."

மழைக்கு முன் ஒரு பிளேன்டீயாவது குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி அடுப்படிக் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. கதவு நிலையே கோணியிருந்தது. அதற்கு மேலே சுவர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. போன கிழமை வரைக்கும் நல்லாத்தான் தெறந்துச்சு, மரம் ஊறிருச்சு போல என்று சிரித்துக்கொண்டே, தோளைக் கொடுத்து ஓர் இடி இடித்து உள்ளே போனாள்.